டவர் என்றால் கோபுரம்

அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்த பாதியைச் சத்தமாகச் சொல்வான். தெரியாத மீதியை அதைவிடச் சத்தமாகச் சொல்வான். முழுக்கத் தெரிந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படியும் இருக்கலாம்" என்று இழுப்பார். ஒன்றுமே தெரியாதவர் பேசாமல் காபி குடிப்பார். நடுவில் நிற்கிற ஆசாமிதான் குடும்பத்தைக் கெடுப்பவன். எங்கள் குடும்பத்தில் அந்த ஆசாமி நான்.

ராஜபாளையத்தில் எனக்கு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற பேண்டேஜ் துணி வியாபாரம். காயத்துக்குக் கட்டுப் போடுகிற சரக்கை விற்கிறவனுக்குக் காயம் பண்ணுகிற சரக்கின் மேல் எப்படி ஆசை வந்தது என்று என் மனைவி வடிவு இன்றைக்கும் கேட்பாள். எல்லாம் செல்போனால் வந்தது. கடையில் ஆள் வராத ஒரு மத்தியானம், யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய காலத்துப் பட்டாளத்துத் துப்பாக்கி ஒன்றை மடியில் போட்டு, பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவித் தடவிப் பேசுவதைப் பார்த்தேன். குழல் வழியாக மருந்தைப் போட்டுக் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டிச் சுடுகிற மஸ்கட். கட்டையும் இரும்பும் ஒரே காலத்தவையா, அசல் எது, பிறகு ஒட்டுப் போட்டது எது, முத்திரை சொல்லும் கதை என்ன என்று அவர் விளக்கினார். அவர் பேசிய இங்கிலீஷில் எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. மீதி இரண்டு பங்கை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். (என் படிப்பு முழுவதுமே இந்தக் கணக்கில்தான் நடந்தது.)

அப்புறம் பழைய இரும்புக் கடை ஒன்றையும் விடவில்லை. முதன்முதலில் நான் கண்டுபிடித்தது ஒரு துருப்பிடித்த நீளக் குழல். வாங்கி வந்து, துண்டில் சுற்றி, பீரோவில் வைத்திருந்தேன். துவரம்பருப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு வந்த வடிவு அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இது அடிபம்பு குழாய்ல்லா?"

அன்றைக்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "அடிபம்பு மாதிரி இருக்கிற துப்பாக்கி" என்று ஒரு வாரம் வாதாடினேன்.

இப்போது மச்சானுக்கு வருகிறேன். வடிவின் அண்ணன் சங்கரலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நாளெல்லாம் பத்திரமும் வாக்குமூலமும் நகல் எடுத்து எடுத்து, மனிதரே ஒரு நகல் மாதிரி கொஞ்சம் மங்கலாகத்தான் இருப்பார். கல்யாண வீடுகளில் தூண் ஓரமாக நிற்பார். யாராவது கூப்பிட்டால் பின்னால் திரும்பி, வேறு யாரையோ கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பார். அவர் வீட்டுச் சுவரில்தான் அந்தத் துப்பாக்கி தொங்கியது. சுட முடியாதபடி நெருப்புத் துளையை அடைத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, முறையாகத்தான் வைத்திருந்தார். என் கிறுக்கு முற்றிய பிறகுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை அதன் கீழே உட்கார்ந்து இட்லி மட்டும் தின்றிருக்கிறேன்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா யாரோ பட்டாளத்துல இருந்தாகன்னு சொல்வாக மாப்ளே. எங்க வீட்டைக்கூடப் பட்டாளத்தார் வீடுன்னுதான் தெருவுல சொல்லுவாக. நெசமோ பொய்யோ" என்றார் மச்சான். பிறகு, தொழில் புத்தியில், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது அசலா, நகலா?"

விசை பொருத்தியிருந்த இரும்புத் தகட்டைப் பேட்டரி லைட் அடித்துப் பார்த்தேன். துருவுக்குள் எழுத்துகள் தெரிந்தன. மேலே கிரீடம் மாதிரி ஒரு வடிவம். அதன் கீழே 'ஜி.ஆர்.' என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து. ஓரத்தில், கொட்டை எழுத்தில், 'டவர்'.

டவர் என்றால் கோபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலைத் திறந்தால் வானம் முழுக்கக் கோபுரம் நிற்கிற ஊரில், 'டவர்' என்று எழுதிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் வேறு என்னதான் நினைப்பான்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மச்சான்! இது கோபுரத்துக் காவலுக்குன்னே செஞ்ச துப்பாக்கி!"

"நெசமாவா மாப்ளே?"

"பின்னே? மேல இருக்கிறது கிரீடம்னா நெனைச்சீக? கலசம்!"

"அந்த ஜி.ஆர்.?"

அரை நொடிதான் யோசித்தேன். கடவுளே, ஒரு முழு நொடி யோசித்திருக்கக் கூடாதா?

"கோபுர ரட்சகர்" என்றேன்.

மச்சானின் முகத்தில் அப்போது தோன்றியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்தது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். "அப்ப பட்டாளம்னு சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"பட்டாளத்துல ஆயிரம் பேர் இருப்பான் மச்சான். கோபுரத்துக்கு ஒருத்தன்தான்" என்றேன். வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த ஒன்றை, ஊதித் தள்ளினேன்.

இது வெறும் வாய்ச்சவடாலோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்து மச்சான் மகள் பூரணிக்கு வத்திராயிருப்புப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டில் சம்பந்தம் கூடி வந்தது. பையன் நல்லவன், பூரணிக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் தோப்பு, பங்களா, பாட்டன் காலத்துக் கார் என்றுதான் வரும். பெண் பார்க்க வந்தவர்களிடம் மச்சான், "எனக்குக் கோர்ட்டுக்கு எதிர்ல..." என்று தொடங்கி, "...ஜெராக்ஸ் கடை" என்பதைத் தரையைப் பார்த்துச் சொன்னார். இப்போது அவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. தோப்புக்குப் பதில் கோபுரம். சம்பந்தி வீட்டுக்கு முன்னால் அவர் தலை நிமிர்ந்து நிற்பது நான் கொடுத்த அந்த ஒற்றை வார்த்தையின் மேல் நின்றது.

நிச்சயதார்த்தத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்தார்கள். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் துப்பாக்கி, நடுவில் மாப்பிள்ளையும் பூரணியும். மேலே, 'கோபுரக் காவல் குடும்பத்தின் நிச்சயதார்த்த விழா'. கீழே முட்டை வடிவத்தில் என் முகம். பெயருக்குக் கீழே 'வரலாற்று ஆய்வாளர்' என்று இருந்தது. (அது யார் போட்டது என்று கேட்காதீர்கள். ஃபிளெக்ஸ் கடையில் எழுத்துப்பிழை பார்த்தது நான்.)

"துப்பாக்கியை மேடைக்குப் பக்கத்துல வைக்கணும் மச்சான். எழுத்து பளிச்சுனு தெரியணும்" என்றேன். முந்தின நாள் போய், கை முட்டி வரை சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தேன். இரும்புத் தகட்டுக்கு உப்புத்தாள். துப்பாக்கிக் கட்டையின் அடியில், தோளில் பதிகிற பித்தளைத் தகட்டுக்குப் புளி. நம் வீடுகளில் பித்தளை என்றால் புளிதானே? குத்துவிளக்கோ, குடமோ, யார் பாட்டனின் துப்பாக்கியோ, கருத்திருந்தால் புளி போட்டு விளக்குகிற கை நம்முடையது. அந்த வெள்ளைக்காரர் வீடியோவுக்கு வீடியோ ஏதோ ஒன்றை விரலை ஆட்டி ஆட்டி எச்சரித்தது ஞாபகம் இருந்தது. அது நான் புரிந்துகொண்ட மூன்றில் ஒரு பங்கில் இல்லை.

விளக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்தேன். முன்னே எப்படி, பின்னே எப்படி என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட வேண்டாமா? ஒரு கையால் கட்டையின் அடியைப் பிடித்து, மறு கையால் ஒரே ஒரு படம்.

புளி தடவும்போது மச்சான் குனிந்து பார்த்தார். "மாப்ளே, இந்தப் பித்தளையில ஏதோ வெட்டியிருக்கிற மாதிரி இருக்கே. எழுத்தா, நம்பரா?"

"கீறல் மச்சான். சுவத்துல உரசினது."

"கீறல் வரிசையா இருக்கே?"

"நல்லா உரசியிருக்கு" என்றேன். புளிக்கு அது போகவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். கீறல் போயிற்று. தகடு புது எவர்சில்வர் கடையின் வாசல் மாதிரி மின்னியது. மச்சானுக்கே கண் கூசியது. "எம்புட்டு அழகா இருக்கு!" என்றார், பாவம்.

மறுநாள் மண்டபத்தில் சிவப்புத் துணி விரித்த மேசை மேல் துப்பாக்கி படுத்திருந்தது. சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பக்கத்தில் பட்டுச்சட்டையில் மச்சான். அன்றைக்கு அவர் தூணைத் தேடவில்லை. வருகிறவர்களை எல்லாம் அவரே எதிர்கொண்டு மேசைக்கு அழைத்துப் போனார். "இதுதான் அந்த டவரு."

தாம்பூலம் மாற்றியாயிற்று. யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மைக் சும்மா இருந்தது, அவ்வளவுதான். எடுத்துவிட்டேன்.

கலசத்தில் தொடங்கி, கோபுர ரட்சகரில் ஏறி, டவரில் போய் நின்றேன். ராத்திரி காவலில் அந்த மூதாதை கண் சிமிட்டாமல் நின்றதை நேரில் பார்த்தவன் மாதிரி வர்ணித்தேன். அவருக்கு மீசை வைத்தேன். கைதட்டல் வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒரு குதிரையும் கொடுத்தேன்.

முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா பொன்னுச்சாமி எழுந்தார். ரிட்டையர் ஆன தாசில்தார். சாந்தமான மனிதர். பழைய சாமான்களில் பிரியம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பாராட்டத்தான் எழுகிறார் என்று மைக்கை அவர் பக்கம் நீட்டினேன்.

"தம்பி, எங்க தோப்பு வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு கிடக்கு. அதுலயும் கலசம் இருக்கு, ஜி.ஆர். இருக்கு, டவர்னும் போட்டிருக்கு. எங்க தோப்பைச் சுத்தி எட்டின மட்டும் தென்னை மரந்தான். கோபுரமே கிடையாதே?"

மண்டபம் என்னைப் பார்த்தது. இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன், "அப்படியா? எனக்குத் தெரியவில்லையே" என்றிருப்பான்.

"முன்னாடி இருந்திருக்கும் ஐயா. இடிஞ்சிருக்கும்" என்றேன்.

"யார் இடிச்சா?"

"வெள்ளைக்காரன்."

"காவல் காக்கத் துப்பாக்கியும் குடுத்து, கோபுரத்தையும் அவனே இடிச்சானாக்கும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூரணி மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். கையில் செல்போன். அவளுக்குத்தான் அன்றைக்கு நிச்சயதார்த்தம். ஆனாலும் மாமாவின் மானம் போகக்கூடாது என்று, காதோடு காதாகச் சொல்ல வந்தாள்.

"மாமா, செத்த இங்க பாருங்க. அந்த டவர் லண்டன்ல இருக்கிற கோட்டை மாமா. அங்கதான் துப்பாக்கியெல்லாம் சேத்து முத்திரை போட்டிருக்காக. உலகம் பூராவும் கெடக்கு. கலசம் இல்ல, ராஜா கிரீடம்தான். ஜி.ஆர்.னா ஜார்ஜ் ராஜாவாம்."

பிள்ளை ரகசியமாகத்தான் சொன்னாள். மைக் என் கையில் இருந்தது. ரகசியம் மேடை, பந்தி, சமையல்கட்டு, வாசல், செருப்பு விடுகிற இடம் வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு பந்தியிலிருந்து ஒரு குரல், சாம்பார் வாளியோடு நின்ற ஒருவருடையது: "அப்ப இவுக லண்டனுக்கா காவல் காத்தாக?"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சம்பந்தி வீட்டார் கெட்டவர்கள் இல்லை. அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. நானே சிரித்துத் தொலைத்திருப்பேன். மச்சானைப் பார்த்துவிட்டேன். அவர் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கோபுரக் காவல் குடும்பம்'. அவர் கை தானாகப் பின்னால் போய் எதையோ துழாவியது. தூணைத் தேடியது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

பொன்னுச்சாமிக்கும் மனசு கேட்கவில்லை போல. மேசைக்கு வந்து, பூவை ஒதுக்கி, துப்பாக்கியைக் கையில் எடுத்தார். குழலின் வாயைப் பார்த்தார். கட்டையில் விசைத் தகடு உட்கார்ந்திருந்த இடத்தை நகத்தால் தடவினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது அசல். இரும்பும் மரமும் ஒண்ணா வயசானது. தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவுல முடி நுழைய இடமில்ல பாருங்க. பின்னாடி ஒட்டுப் போட்டதுன்னா பல்லைக் காட்டும். பட்டாளத்துக்குக் குடுத்த துப்பாக்கிதான் இது, சந்தேகமே வேண்டாம்."

மச்சான் திரும்பினார். "பட்டாளமா?"

"ஆமா. உங்க வீட்ல யாரும் பட்டாளத்துல இருந்தாகளா?"

"இருந்தாகன்னு சொல்வாக" என்றார் மச்சான். குரல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. "எங்க வீட்டுப் பேரே பட்டாளத்தார் வீடு."

"அப்புறம் என்ன! கண்டுபிடிச்சிரலாமே. பட்டாளத்துத் துப்பாக்கியில இன்ன படை, இத்தனாம் நம்பர்னு வெட்டி வச்சிருப்பாக. பெரும்பாலும் இந்தப் பித்தளையில இருக்கும். அதை வச்சுத் தேடினா..." அவர் கட்டையைத் திருப்பினார். தகட்டில் அவர் முகமே தெரிந்தது. "யார் இதை இப்படித் தேய்ச்சது? பழைய நிறம் போச்சே. மதிப்பே அதுலதானே இருக்கு. சரி, அது போகட்டும். இங்க எழுத்து ஏதும் இருந்துச்சா?"

நான் மைக்கை மெதுவாக மேசை மேல் வைத்தேன். இந்த முறை அணைத்துவிட்டு வைத்தேன்.

"இருந்துச்சு" என்றார் மச்சான். "வரிசையா இருந்துச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவேன். என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கடையில் கணக்குச் சொல்கிற அதே தணிந்த குரலில் சொன்னார்:

"எங்கிட்ட அசலைக் கொண்டாந்தா, நகல் எடுத்துக்கிட்டு அசலைத் திருப்பிக் குடுப்பேன் மாப்ளே. நீங்க அசலை அழிச்சிட்டு நகலைக் குடுத்துட்டீகளே."

ராஜபாளையம் வரும் வரை பஸ்ஸில் வடிவு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்குகிற இடம் வந்ததும் சொன்னாள்: "நம்ம கடையில அம்புட்டு பேண்டேஜ் துணி கெடக்கே. வாயில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு வந்திருக்கக் கூடாதா?"

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பூரணி அந்த வீட்டில் செல்லப்பிள்ளையாக இருக்கிறாள். எந்தக் குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று மச்சான் மறுபடியும் தூண் ஓரம்தான் நின்றார். சம்பந்தி வந்து கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப் போனபோது, பின்னால் திரும்பிப் பார்த்தார். அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு எனக்குக் குடும்பத்தில் வேறு பெயர் இல்லை. எங்கே போனாலும் நான் டவர் மாப்பிள்ளை. எந்த விசேஷத்தில் நான் வாயைத் திறந்தாலும் சம்பந்தி வீட்டார் யாராவது செல்போனைத் தூக்கிப் பிடித்து, "டவர் வந்திருச்சு, டவர் வந்திருச்சு" என்பார்கள். போனில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் பூரணி, "மாமா, டவர் இருக்கா? லண்டன்ல கேட்டுச் சொல்லவா?" என்பாள். பொன்னுச்சாமி பார்க்கும்போதெல்லாம், "ஜி.ஆர். சௌக்கியமா?" என்று விசாரிப்பார். நானும் சிரிப்பேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

மச்சான் மட்டும் அந்த நகைச்சுவையில் சேருவதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. விளக்குவதற்கு முன் நான் எடுத்த அந்தப் படம். அனுப்பினேன். கடை இயந்திரத்தில் போட்டு, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, மையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறார். இடது ஓரத்தில் ஒரு கோடு தெரிகிறது. அது எழுத்தின் தொடக்கமா, வெறும் கறுப்பா, தெரியவில்லை. மற்றதெல்லாம் நான் கட்டையைப் பிடித்திருந்த இடத்தில் இருக்கிறது.

அதைச் சட்டம் போட்டு, துப்பாக்கிக்குக் கீழே மாட்டியிருக்கிறார். நான் இட்லி தின்கிற இடத்துக்கு நேர் எதிரே. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். மச்சான் கோபமே இல்லாமல், நகல் எடுக்க வந்தவருக்குப் பக்கம் எண் சொல்கிற மாதிரி சொல்வார்:

"அது எங்க மாப்பிள்ளையோட கட்டைவிரல். அதுக்கு அடியிலதான் எங்க தாத்தா இருக்காரு."